புளியங்கொட்டையும் நாலு கோடு நோட்டும்

“பால்வாடியில என்ன சொல்லித் தர்றாங்க? சோறு போட்டுத் தூங்க வைப்பாங்க, மிச்ச நேரம் பிள்ளைங்க விளையாடிட்டுக் கிடக்கும்.” மூன்று வயதுக் குழந்தை இருக்கிற எந்த வீட்டில் பேச்சுக் கொடுத்தாலும் இந்தப் பதில் வருகிறது. கூலி வேலைக்குப் போகிறவர் சொல்கிறார். அரசு அலுவலகத்தில் இருப்பவரும் சொல்கிறார். தெருக்கோடியில் இலவசமாக ஒரு மையம் இருக்க, நகையை அடகு வைத்து எல்கேஜிக்குப் பணம் கட்டுகிறார்கள். பிள்ளை ஒரே மாதத்தில் ஏபிசிடி ஒப்பித்துவிட்டால், கட்டிய பணம் வீண்போகவில்லை என்று நிம்மதி அடைகிறார்கள்.

இந்தப் பேச்சுக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை விளையாட்டில் கழியும் நேரம் படிப்பிலிருந்து பறிபோகும் நேரம் என்பது ஒன்று. பிள்ளையின் கல்வியில் பெற்றோரின் வேலை பணம் கட்டுவதும் ஹோம்வொர்க் எழுத வைப்பதும்தான், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அந்த வேலைகூட இல்லை என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. பள்ளிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளை இவை நம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கின்றன.

முதலில் அந்த விளையாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். எங்கள் பகுதி அங்கன்வாடி ஒன்றில் ஒரு முற்பகல். நான்கு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பதினொரு புளியங்கொட்டை. இரண்டு வயதுக்காரர்கள் கொட்டையை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள் என்று டீச்சர் அவர்களை மறுமூலையில் ஆயாவிடம் விட்டிருக்கிறார். நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி பங்கு பிரிக்கிறாள். ஆளுக்கு ஒன்று வைக்கிறாள், பிறகு இன்னொரு சுற்று. மூன்று மிஞ்சுகிறது. மூன்றாவது சுற்றைத் தன்னிலிருந்து தொடங்குகிறாள். கடைசியாக இருந்த பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் கத்துகிறான்: “எனக்கு மட்டும் ரெண்டுதான்!” டீச்சர் கிட்டே வருகிறார். கொட்டையை எடுத்துச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடவில்லை. “இப்ப என்ன பண்ணலாம்?” என்று மட்டும் கேட்கிறார். ஒரு பிள்ளை, மிஞ்சிய மூன்றையும் ஆயாவுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறது. சிறுமி கொஞ்ச நேரம் வட்டத்தையே பார்க்கிறாள். எழுந்து வெளியே ஓடிக் கூடையிலிருந்து ஒரே ஒரு கொட்டையை எடுத்து வந்து அந்தப் பையன் முன்னால் வைக்கிறாள்.

அவள் ஒன்றுக்கொன்று பொருத்தி எண்ணினாள். வகுத்தாள், மீதியைப் பார்த்தாள், எத்தனை குறைகிறது என்று கணக்கிட்டாள். இரண்டு கொட்டை கொண்டு வரவில்லை, ஒன்றுதான் கொண்டு வந்தாள். அந்தப் பையனோ யாரையும் அடிக்காமல், தனக்கு நேர்ந்த அநியாயத்தை வாயால் சொன்னான். மற்றவள் வேறொரு தீர்வை முன்வைத்தாள். இதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி எல்கேஜி வகுப்பில் பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஐம்பதுவரை ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பதுவரை சொல்லும் பிள்ளையிடம் ஏழு கொட்டையை எண்ணி எடுத்துத் தா என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஏழைத் தாண்டியும் அள்ளிக்கொண்டே போவார்கள். எண்களின் பெயர்வரிசை வாயில் இருக்கிறது, எண் இன்னும் கைக்கு வரவில்லை.

டீச்சர் கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு வழிக் கல்வி என்றால் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வது என்று நினைப்பவர்கள் பலர். எந்தப் பொருளை முன்னால் வைப்பது, எப்போது பேசாமலிருப்பது, எந்த நொடியில் எதைக் கேட்பது என்பதெல்லாம் ஆசிரியரின் வேலை. ஒப்பிக்க வைப்பதைவிட இது கடினமான வேலை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு இதற்கென்றே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் உண்டு. கருப்பொருள் வாரியாகப் பாட்டு, கதை, கைவேலை, வெளி விளையாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. தன் பிள்ளை படிக்கும் மையத்தில் அப்படி ஒரு பாடத்திட்டம் இருப்பதே எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

எழுத்துக்கு வருவோம், ஏனென்றால் சண்டை முழுக்க அங்கேதான். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும், அவை உறுதிப்பட இன்னும் பல ஆண்டுகள் ஆகும். விரல்களைத் தனித்தனியே ஆளும் சிறு தசைகளும் அப்போதுதான் தேறி வருகின்றன. இந்தக் கையில் பென்சிலைத் திணித்து, நாலு கோடு நோட்டில் கோட்டுக்கு வெளியே போகாமல் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறோம். பிள்ளை பென்சிலை முஷ்டியாக இறுக்கிப் பிடிக்கிறது, தோள் உயர்கிறது, தாள் கிழிகிறது. சிவப்பு மையில் ஒரு குறிப்பு வீட்டுக்கு வருகிறது. களிமண் பிசைவதும் மணி கோப்பதும் பட்டாணி உரிப்பதும் ஈர மணலில் விரலால் சுழிப்பதும் அந்தத் தசைகளுக்கான பயிற்சி. ‘இ’ என்ற எழுத்தின் சுழிவு வர வேண்டுமென்றால் முதலில் மணிக்கட்டு சுழல வேண்டும். அதைத் தரையில் கோலப்பொடியோடு விளையாடும் பிள்ளை யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருக்கிறது.

இது ஆசை வார்த்தை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2011 முதல் 2016 வரை அம்பேத்கர் பல்கலைக்கழக ஆய்வு மையமும் அசர் மையமும் யுனிசெப்புடன் சேர்ந்து, ராஜஸ்தான், அசாம், அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களில் சுமார் 14,000 குழந்தைகளை நான்கு வயதிலிருந்து எட்டு வயதுவரை பின்தொடர்ந்தன. ஐந்து வயதில், பள்ளிக்குத் தயாரான நிலை எந்த மாநிலத்திலும் போதுமானதாக இல்லை. அங்கன்வாடிகள் பலவற்றில் கற்பித்தல் நடக்கவே இல்லை. தனியார் மழலையர் வகுப்புகளில் நடந்தது, ஆனால் ஒன்றாம் வகுப்பைத் தூக்கி மூன்று வயதில் வைத்தது போன்ற எழுத்துப் பயிற்சியும் மனப்பாடமும்தான். பிள்ளைகள் நன்றாகத் தயாரான மையங்கள் சிலவே இருந்தன, அவை விளையாட்டையும் செயல்பாடுகளையும் திட்டமிட்டு நடத்திய மையங்கள். 2020 தொடக்கத்தில் வெளியான அசர் அறிக்கையும் சிறுவயதினரைப் பற்றியதுதான். வகைப்படுத்துவது, வரிசைப்படுத்துவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது போன்றவற்றில் தேர்ந்த பிள்ளைகளே மொழியிலும் எண்ணிலும் முன்னால் இருந்தார்கள்.

அந்த மூன்று மாநில ஆய்வு அங்கன்வாடியைப் பற்றிச் சொன்னதை நான் மறைக்க மாட்டேன். பால்வாடியில் ஒன்றும் சொல்லித் தருவதில்லை என்ற குறை பல ஊர்களில் உண்மை. ஆனால் அந்தக் குறையிலிருந்து பெற்றோர் போய்ச் சேர்ந்த முடிவுதான் பிழை. விளையாட்டு நடக்காமல் போனதற்கு மருந்து விளையாட்டை நடத்துவதுதான். நாலு கோடு நோட்டு அதற்கு மருந்தாகாது.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கப்படும் கேள்விகளில் ஒன்றை மட்டும் நான் மிகவும் மதிக்கிறேன். அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறையில் படித்து மேலே வந்தவர்கள். “பணக்காரர் பிள்ளைக்கு விளையாட்டு போதும். எப்படியும் அவன் படித்துவிடுவான். எங்கள் பிள்ளைக்கு எழுத்தை விட்டால் வேறு ஏணி கிடையாது. பல தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டவர்களிடம் வந்து, இப்போது அவசரம் வேண்டாம், விளையாடுங்கள் என்கிறீர்களா?”

இந்தக் கோபம் நியாயமானது. இதன் முன்பாதியை அப்படியே ஏற்கிறேன். எழுத்து எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும், குறையில்லாமல் வேண்டும். ஆனால் எழுத்துக்குப் போகும் வழி எது என்பதில்தான் நாம் ஏமாற்றப்படுகிறோம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நகரத்தின் விலை உயர்ந்த பள்ளி என்ன கொடுக்கிறது? மரக்கட்டைகள், மணல்தொட்டி, கதை நேரம், குறைந்த பிள்ளைகள், பேசிக்கொண்டே இருக்கும் ஆசிரியர். அந்தப் பிள்ளைக்கு வீட்டிலும் படப்புத்தகம் இருக்கிறது, மடியில் வைத்துப் படித்துக் காட்ட நேரமுள்ள பெரியவர் இருக்கிறார். இவ்வளவும் இருக்கிற பிள்ளைக்கே அவர்கள் விளையாட்டைத்தான் வாங்கித் தருகிறார்கள். சிறு ஊரின் மலிவான எல்கேஜியோ முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரு தகரக் கூரையின் கீழ் உட்காரவைத்து, அவர்கள் வீட்டில் யாரும் பேசாத மொழியில் ‘சிட் டவுன்’, ‘கீப் கொயட்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பேச்சு வளர வேண்டிய வயதில் பேசாதே என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு வாசிப்பு எங்கிருந்து வரும்? இங்கே இரண்டாந்தரச் சரக்கை ஏழைக்கு விற்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டு வழிக் கல்வி பணக்காரர்களின் கண்டுபிடிப்பு என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1907இல் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோவில், தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில். பெற்றோர் பகலெல்லாம் வேலைக்குப் போய்விட, படிக்கட்டுகளில் அலைந்துகொண்டிருந்த பிள்ளைகள்தான் அவருடைய முதல் மாணவர்கள். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார், போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். இந்தியாவில் தாராபாய் மோடக் 1945இல் மராட்டியக் கடலோரமான போர்டியில் பால்வாடி தொடங்கினார். விலை கூடிய மாண்டிசோரி உபகரணங்களுக்குப் பதில் கிளிஞ்சல், விதை, இலை, குச்சி என்று அங்கேயே கிடைத்த பொருள்களை எடுத்துக்கொண்டார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் மையத்துக்கு வராதபோது அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பால்வாடியைக் கொண்டு போனார். பிறகு அனுதாய் வாகுடன் கோஸ்பாடு மலைப்பகுதிக்குப் போய், மாடு மேய்க்கும் பழங்குடிப் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடத்தினார். நாம் இன்று ‘சும்மா விளையாட விடுகிற இடம்’ என்று ஒதுக்கும் அங்கன்வாடிக்குப் பின்னால் இந்த மரபு இருக்கிறது.

இனி இரண்டாவது நம்பிக்கை. பெற்றோரின் பங்கு.

தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஈடுபாடு என்ற பெயரில் நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘ப்ராஜெக்ட்’ என்று ஒன்று வரும். அம்மா ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனரி கடையைத் தேடிப் போய்த் தெர்மாகோல் வாங்குவார், அப்பா வெட்டி ஒட்டுவார், பிள்ளை தூங்கிவிட்டிருக்கும். டயரியில் கையெழுத்து, பெற்றோர் கூட்டத்தில் கட்டண நினைவூட்டல், பிள்ளை மீது புகார். படிக்காத அம்மா அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்று தலையாட்டிவிட்டு வருவார். அவருக்குத் தெரிந்த எதுவும் அங்கே யாருக்கும் வேண்டியிருக்காது.

அங்கன்வாடியில் அது வேண்டியிருக்கிறது. பூ வியாபாரம் செய்யும் பாட்டி ஒருவரை ஒரு மையத்தில் காலை நேரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். சுற்றிலும் பிள்ளைகள். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, காம்புகள் நடுவில் சேர, நூலை ஒரு சுற்று சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி. ஐந்து வயதுப் பையன் ஒருவன் கட்டிப் பார்த்தான். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று. சரம் கோணிக்கொண்டது. “ஏன்டா சாயுது?” என்றார் பாட்டி. அவனே எண்ணிப் பார்த்து மாற்றினான். பிறகு அளந்தார்கள். பாட்டியின் கையால் ஒரு முழம். ஒரு சிறுமி அதே சரத்தைத் தன் கையால் அளந்து, “பாட்டி, ஒரு முழம் இல்ல, இன்னும் நிறைய இருக்கு!” என்றாள். பாட்டி சிரித்துக்கொண்டே தன் முழங்கையை அவள் முழங்கையோடு சேர்த்து வைத்துக் காட்டினார். அளவு ஒன்றானால்தான் கணக்கு ஒன்றாகும் என்ற இடத்துக்கு அந்தச் சிறுமி வந்து சேர்ந்துவிட்டாள். அளவைகள் என்ற பாடத்தைத் தொடக்கப் பள்ளியில் திறக்கும்போது அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க மாட்டாள். அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

கொத்தனார் அப்பா தூக்குக்குண்டைக் கொண்டு வந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். தையல் தெரிந்த அம்மா வெட்டுத்துணிகளைக் கொண்டு வந்து நிறம் பிரிக்க வைக்கலாம். தாத்தா நரிக்கதை சொல்லலாம், பாதியில் நிறுத்தி, அப்புறம் நரி என்ன செய்திருக்கும் என்று கேட்கலாம். வாசிப்பதற்கு அடிப்படையே இதுதான்: கதை எங்கே போகும் என்று முன்கூட்டி யோசிப்பது, சொல்லை மனத்தில் பிடித்து வைப்பது. எழுதத் தெரியாத குடும்பம் இதில் எந்த வகையிலும் குறைந்ததல்ல. பிள்ளைக்கும் இது முக்கியம். தன் அப்பாவுக்குத் தெரிந்ததை டீச்சரும் மதிக்கிறார் என்று பார்க்கும் பிள்ளை, பள்ளியில் தன் வீட்டை மறைக்கப் பழகாது.

எளிய குடும்பங்களின் பங்கிலிருந்தே பிறந்த பள்ளிகளும் உண்டு. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரின் மழலையர் பள்ளிகளைப் பற்றி உலகமே பேசுகிறது. அவற்றின் தொடக்கம் 1945இல் அருகிலுள்ள ஒரு சிற்றூரில். போர் முடிந்தபோது ஜெர்மானியப் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் ஊராரே செங்கல் சுமந்து பள்ளியைக் கட்டினார்கள். உழவர்களும் தொழிலாளிகளும்தான். அதைக் கேள்விப்பட்டு லோரிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர் பிறகுதான் மிதிவண்டியில் வந்து சேர்ந்தார்.

“எல்லாம் சரி, கூலிக்குப் போகிறவன் எப்போது வந்து உட்காருவான்?” என்று கேட்பார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வா என்று யாரையும் அழைக்கக் கூடாது, அது கொடுமை. காலையில் பிள்ளையை விட வரும்போது பத்து நிமிடம், வேலை இல்லாத மழை நாள், வீட்டில் இருக்கும் பாட்டி தாத்தா. இவை போதும். வராத பெற்றோரை அக்கறையில்லாதவர் என்று முத்திரை குத்தும் பழக்கத்தையும் மையங்கள் விட வேண்டும். வராதவரிடம் அவர் வரக்கூடிய நேரம் எது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி அரசின் கையில் இருக்கிறது. அங்கே எனக்கு ஆத்திரமே வருகிறது. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அதற்கு ஆறு பணிகள் வகுக்கப்பட்டன. முறைசாராப் பள்ளி முன்பருவக் கல்வி அவற்றில் ஒன்று. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, பரிந்துரை, தாய்மாருக்கான அறிவுரை மற்ற ஐந்து. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள். ஆறு பணிகளையும் சுமப்பவர்கள் ஒரு பணியாளரும் ஒரு உதவியாளரும். எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், முட்டைக் கணக்கு எழுத வேண்டும், கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும், பலர் வாக்காளர் பட்டியல் வேலைக்கும் போக வேண்டும். இதற்கிடையில் புளியங்கொட்டை வட்டத்தின் அருகே உட்கார்ந்து கேள்வி கேட்கப் பணியாளருக்கு ஏது நேரம்?

இது தீராத சிக்கலும் இல்லை. தமிழ்நாட்டிலேயே 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அவற்றில் பாதி மையங்களுக்கு அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாகக் கிடைத்தார், பிள்ளைகளின் கல்விக்கென்றே. கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதத்தில் மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு உடல்நல வேலைகளைப் பார்க்க நேரம் கிடைத்ததால் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. சோறா படிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே அங்கே இல்லாமல் போனது.

அரசு என்ன செய்தது? பெற்றோரின் தவறான நம்பிக்கைக்கு முன்னால் அதுவும் பணிந்தது. 2019 ஜனவரியில் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி என்று பலகை மாட்டினார்கள். உபரி என்று கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். மழலையருக்குக் கற்பிக்க அவர்கள் பயின்றவர்கள் அல்லர். 2022இல் வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தொடர்ந்து, மாதம் 5,000 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தினார்கள். மறுபுறம், கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 விழுக்காடு இடங்கள் இங்கே எல்கேஜியிலிருந்தே நிரப்பப்படுகின்றன, கட்டணம் பொதுப்பணத்திலிருந்து போகிறது. தன் மையத்தில் நம்பிக்கை இல்லை என்று அரசே இப்படி ஊரறியச் சொன்ன பிறகு பெற்றோரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

எல்கேஜிக்காக நகையை அடகு வைப்பதற்குப் பதில், தெருக்கோடி மையத்தின் மீது பெற்றோர் உரிமை கொண்டாட வேண்டும். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ அட்டவணையைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், இந்த மாதம் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கல்விக்கென்று தனியாக ஒரு பணியாளர் வேண்டும், இருப்பவரைத் தேர்தல் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது, அதில் ஒன்று அங்கன்வாடித் திட்டம் பிறந்த அதே அக்டோபர் 2. சாலைக்கும் குடிநீருக்கும் தீர்மானம் போடும் அந்தக் கூட்டத்தில், பூக்கட்டும் பாட்டியும் கொத்தனாரும் எழுந்து இதையும் தீர்மானமாக எழுதச் சொல்லலாம்.